நீங்கள் இறங்கும் ஊரிலேயே பெட்டியும் இறங்க

போயிங் 737 விமானத்தின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டியிட்டுத்தான் வேலை. வாசலில் ஒருவர் பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து உள்ளே சறுக்கிவிடுவார், உள்ளே இருப்பவர் அதைப் பிடித்து அடுக்குவார். ஒரு புறப்பாட்டுக்கு நூறு, நூற்றிருபது பெட்டி. அப்படி 6 வருடம் முழங்காலைத் தேய்த்தேன். அப்புறம் பெட்டிகளைப் பிரித்தனுப்பும் கூடத்தில் சில வருடம். கடைசியாக, பெட்டி வரவில்லை என்று கண்கலங்கி வருபவர்களுக்குப் பதில் சொல்லும் மேசையில் 9 வருடம். ஆகப் பெட்டி எங்கே அடிபடும், எங்கே வழி தவறும், அதற்கப்புறம் என்ன ஆகும் என்று மூன்று கோணத்திலிருந்தும் பார்த்தாயிற்று.

கவுன்டரில் பெட்டியிலிருந்து உங்கள் கை விலகிய பிறகு அதைத் தொடுகிற யாருக்கும் உங்களைத் தெரியாது. பெட்டிக்குள் கல்யாணப் புடவை இருக்கிறதா, பழைய துணி இருக்கிறதா என்றும் தெரியாது. மேலே சுற்றிய தாளும் பெட்டியின் வடிவமும் மட்டும்தான் தெரியும். அவற்றைச் சரியாக வைத்துவிட்டால் பாதிக் கவலை விட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வேலை, பழைய தாள்களைக் கிழிப்பது. போன பயணத்தின் டேக்கை ஞாபகத்துக்காக விட்டுவைப்பவர்கள் உண்டு. பெரிய டேக்கையாவது பலர் கழற்றிவிடுகிறார்கள், அதன் நுனியிலிருந்து பிய்த்து ஒட்டிய குட்டி ஸ்டிக்கர்களைக் கவனிப்பதில்லை. விரல் நீளம்தான் இருக்கும், அதிலும் பார்கோடு இருக்கும். பெரிய டேக் வழியில் கிழிந்து போனாலும் பெட்டி யாருடையது என்று தெரியத்தான் அதைப் பெட்டியின் உடம்பில் ஒட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பயணம் முடிந்ததும் அதே ஸ்டிக்கர் வினையாகிவிடும். ஸ்கேனர் நாலாபுறமும் பார்க்கும் இயந்திரம். இரண்டு பார்கோடு கண்ணில் பட்டால் எது இன்றையது என்று அதற்குத் தெரியாது, பெட்டியை ஓரம் கட்டிவிடும். அங்கே ஒரு ஆள் கையில் ஸ்கேனரோடு நின்று பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் முன்னால் நாற்பது பெட்டி வரிசையில் நிற்கும் நேரத்தில் உங்கள் விமானம் போய்விடலாம். ஒருமுறை ஒரு பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து ஏழு குட்டி ஸ்டிக்கர்களை உரித்தேன். அதன் சொந்தக்காரர் மேசைக்கு முன்னால் நின்று, “எப்போதும் என் பெட்டிதான் தாமதமாகிறது, எனக்கு ராசியில்லை” என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்து, பெட்டிக்குள் துணிக்கெல்லாம் மேலே ஒரு தாள் வையுங்கள். பெயர், நாட்டுக் குறியீட்டோடு கைப்பேசி எண், போய்ச் சேரும் ஊரில் எங்கே தங்குகிறீர்கள், எந்தத் தேதிவரை. வெளியே தொங்கும் பெயர்ச்சீட்டு அறுந்துபோகும் பொருள், அதை நம்ப வேண்டாம். டேக் இல்லாமல் வந்து சேரும் பெட்டியைத் திறந்து பார்ப்போம். இந்த ஒரு தாள் இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் கணினியில் எழுதி, உலகத்தில் யாராவது அதே விவரத்தோடு புகார் கொடுத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். மூடுவதற்கு முன் பெட்டியின் உட்புறத்தையும், மூடிய பின் வெளிப்புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

பெட்டியின் வடிவத்துக்கு வருவோம். தொங்கும் வார், இடுப்புப் பட்டை, அலங்காரக் குஞ்சம் எல்லாம் பெல்ட்டுகள் சேரும் இடுக்கில் சிக்கும். ஒரு வார் சிக்கினால் அந்தப் பெல்ட்டே நிற்கும், பின்னால் வருகிற பெட்டிகளும் நிற்கும். முதுகுப்பையாக இருந்தால் வார்களை உள்ளே மடக்குங்கள், அல்லது பையை இன்னொரு மூடுபைக்குள் போடுங்கள். உருளையான பைகள் சரிவில் உருண்டு போகும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அனுப்பச் சொல்வார்கள். கவுன்டரில் தொட்டி கொடுத்தால் வாங்கி வைத்துவிடுங்கள். பெட்டியை அடையாளம் காண ரிப்பன் கட்டுவதைவிட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப்பைக் கைப்பிடியைச் சுற்றி இறுக ஒட்டுவது நல்லது.

பெட்டிகளைப் பிரிக்கும் கூடத்தில் சறுக்குமரம் போன்ற சரிவுகள் இருக்கும். மேலிருந்து வழுக்கி வரும் பெட்டி கீழே நிற்கும் பெட்டியின் மேல் மோதித்தான் நிற்கும். அதை யாரும் மென்மையாகப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் உடையுமா என்று கேட்டுக்கொண்டு அடுக்குங்கள். உடையும் என்றால் அது கையோடு வர வேண்டிய பொருள். கனமானவற்றைச் சக்கரத்தின் பக்கம் வையுங்கள், மூலைகளில் துணியைத் திணியுங்கள், இழுக்கும் கைப்பிடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைப் போல எளிதில் உடைவது வேறொன்றில்லை. ‘உடையும் பொருள்’ ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்பீர்கள். சரக்கறையில் என் கைக்கு வந்தால் அதை மேலே வைப்பேன், உண்மைதான். ஆனால் எனக்கு முன்னால் அது கடந்து வந்த பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது.

சரக்கறையில் காற்றழுத்தமே இருக்காது, அதனால்தான் பாட்டில் கசிகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. நீங்கள் உட்காரும் இடத்திலிருக்கும் அழுத்தம்தான் கீழேயும். பல விமானங்களில் அது 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம் வரை குறையும். தரையில் மூடிய பாட்டிலுக்குள்ளிருக்கும் காற்று அங்கே விரிந்து மூடியைத் தள்ளும். முகப்பூச்சுக் குழாயைத் திறந்து, அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பாட்டிலை வாய்வரை நிரப்பாதீர்கள். மூடிக்கும் வாய்க்கும் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகினால் போதும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பவர் பேங்க்கும், கருவியில் பொருத்தாத லித்தியம் பேட்டரியும் கீழே போகும் பெட்டியில் இருக்கக் கூடாது. சரக்கறையில் தீயணைக்கும் வாயு உண்டு, ஆனால் லித்தியம் பேட்டரி பற்றினால் அணைந்தது போல் இருந்து மறுபடி மறுபடி கிளம்பும். மேலே பயணிகள் அறையில் பற்றினால் ஆள் கண்ணில் படும், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அதற்காகத்தான் இந்த விதி. கையில் கொண்டுபோகவும் அளவு உண்டு: 100 வாட்-மணி (பேட்டரி தாங்கும் ஆற்றலின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்க்கில் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, கவலையில்லை. 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமையாக இருப்பதால் அவர்களுடைய விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்ணே தெரியாமல் அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை.

கவுன்டரில்

எடை 23 கிலோவைத் தாண்டினால் கனம் என்று எச்சரிக்கும் டேக் கட்டுவார்கள். 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் பணம் கட்டினாலும் ஒரே பெட்டியாக எடுக்க மாட்டார்கள். இது வியாபாரக் கணக்கல்ல, தூக்குபவரின் முதுகுக்கான கணக்கு. என் முதுகு அதற்கு நன்றி சொல்கிறது.

டேக் அச்சாகி வந்ததும் அதை நீங்களே படியுங்கள். இதைச் செய்பவர்களை நூற்றில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பெரிய எழுத்தில் மூன்றெழுத்து இருக்கும், அதுதான் பெட்டி கடைசியாகப் போய்ச் சேரும் விமான நிலையம். நடுவில் மாறும் ஊர்களும் விமான எண்களும் சிறிய எழுத்தில் இருக்கும். மூன்றெழுத்தில் ஒன்று மாறினால் நாடே மாறும். கலிபோர்னியாவின் சான் ஹோசே எஸ்ஜேசி, கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே எஸ்ஜேஓ. பயணச்சீட்டிலிருக்கும் எழுத்தும் டேக்கிலிருக்கும் எழுத்தும் ஒன்றுதானா என்று பார்க்க ஐந்து வினாடி போதும். தவறு இருந்தால் அங்கேயே மாற்றிக் கொடுப்பார்கள். பெட்டி உள்ளே போன பிறகு சொன்னால் நாலு பேர் ஓட வேண்டும்.

பார்கோடுக்குக் கீழே பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் சாதாரணமாக 0. அடுத்த மூன்று எந்த விமான நிறுவனம் என்று சொல்லும், கடைசி ஆறு உங்கள் பெட்டியின் வரிசை எண். முதல் இலக்கம் 2 என்றால் அது சொந்தக்காரரைத் தவறவிட்டுத் தனியாகப் பின்னால் பறக்கும் பெட்டி. உங்கள் பெயரைவிட இந்தப் பத்து எண்தான் எங்களுக்கு முக்கியம். அது அச்சான ரசீதைக் கொடுப்பார்கள். போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுத்தால், போர்டிங் பாஸைக் கசக்கிப் போடும்போது ரசீதும் போய்விடும். வாங்கிய கையோடு படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது பல இடங்களில் இயந்திரமே டேக்கைத் துப்புகிறது, நாமேதான் கட்ட வேண்டும். முதல் தடவை எல்லோரும் தவறுவது இங்கேதான். சிலர் அதைப் பெட்டியின் முதுகில் தட்டையாக ஒட்டிவிடுகிறார்கள். சிலர் பார்கோடு மடியும்படி சுற்றிவிடுகிறார்கள். முறை இது: பின்தாளை உரித்து, மேலே அல்லது பக்கத்தில் இருக்கும் நிலையான கைப்பிடிக்குள் டேக்கை நுழைத்துவிடுங்கள். இழுக்கும் கைப்பிடியில் வேண்டாம். இரண்டு நுனியும் நேருக்கு நேராகச் சேரும்படி, பசைப்பக்கத்தோடு பசைப்பக்கம் ஒட்டி விரலால் தேய்த்துவிடுங்கள். பார்கோடு வெளியே முழுதாகத் தெரிய வேண்டும். குட்டி ஸ்டிக்கர் ஒன்றைப் பெட்டியின் உடம்பில் ஒட்டுங்கள். பெல்ட்டில் வைக்கும்போது சக்கரம் கீழே போய் உருளாதபடி படுக்க வையுங்கள்.

மாறிப் போகும் பயணம்

பெட்டி தொலைவதற்கும் தாமதமாவதற்கும் உலகெங்கும் முதல் காரணம் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்தான். நிலைமை முன்பைவிட எவ்வளவோ மேல், அதையும் சொல்ல வேண்டும். விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் சீட்டா (SITA) நிறுவனத்தின் கணக்குப்படி 2007-இல் ஆயிரம் பயணிகளுக்குச் சுமார் 19 பெட்டி வழி தவறியது, 2024-இல் அது 6.3. பெட்டி கைமாறும் இடங்களில் எல்லாம் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா (IATA) வகுத்த விதி 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒன்று வகுத்திருப்பார்கள். அதற்குள் அடங்கினால் பயணச்சீட்டு கிடைத்துவிடும். ஆனால் அது எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமான நேரம். முதல் விமானம் இருபது நிமிடம் தாமதமானால் நீங்கள் ஓடிப் பிடித்துவிடுவீர்கள், பெட்டியால் ஓட முடியாது. அகன்ற விமானமாக இருந்தால் பெட்டிகள் கன்டெய்னரில் இருக்கும். ஒன்றில் முப்பத்தைந்து, நாற்பது பெட்டி. உங்கள் பெட்டி இருக்கும் கன்டெய்னர் வெளியே வர வேண்டும், பிரிக்க வேண்டும், மறுபடி சோதனை, அடுத்த விமானத்துக்கு வண்டி. சர்வதேசப் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் என் சொந்தப் பெட்டியை நான் அனுப்புவதில்லை.

இரண்டு தனித்தனிப் பயணச்சீட்டு வாங்கியிருந்தால் பெட்டி பெரும்பாலும் முதல் சீட்டு முடியும் ஊரோடு நின்றுவிடும். அங்கே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். “கடைசிவரை போகுமா?” என்று வாயால் கேட்பதோடு டேக்கிலும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைபவர்களுக்கு இன்னொரு விஷயம்: கடைசி ஊர்வரை டேக் போட்டிருந்தாலும், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி கொடுப்பதுதான் அங்கே பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

கதவருகே கடைசி அழைப்பு வரும்வரை காபி குடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி ஏறி ஆள் ஏறவில்லை என்றால் அந்தப் பெட்டியை இறக்காமல் சர்வதேச விமானம் கிளம்பாது. 1985 ஜூன் 23-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லான்டிக் மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். ஆள் ஏறாத பயணத்தில் ஏறிய பெட்டியில்தான் குண்டு இருந்தது. 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் மறுபடி ஒரு விமானம், மறுபடி பெட்டிக்குள் குண்டு, 270 உயிர். அதற்கப்புறம் இந்த விதி இறுகியது. ஆகவே உங்களை ஒலிபெருக்கியில் மூன்றாவது முறை கூப்பிடும்போது, கீழே ஒருவர் உங்கள் பெட்டியைத் தேடத் தொடங்கியிருப்பார். கன்டெய்னர் என்றால் எண் தெரியும், எளிது. 737-இல் அப்படியில்லை. ஒரு மழை இரவில், அடுக்கி வலையும் கட்டியாயிற்று, ஒரு பயணி வரவில்லை என்றார்கள். கறுப்பு, நடுத்தரம், சக்கரம் வைத்தது. சரக்கறையில் இருந்ததில் பாதி அப்படித்தான். மண்டியிட்டபடி ஒவ்வொரு டேக்காக விளக்கடித்து, அறுபதுக்கு மேல் பெட்டிகளை மழையில் இறக்கினோம். கிடைத்தபோது மேலே எட்டிப் பார்த்த சக ஊழியர், “அவர் வந்துவிட்டார்” என்றார். எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினோம். நனைந்த துணியோடு போய் இறங்கிய அறுபது பேரும் விமான நிறுவனத்தைத்தான் திட்டியிருப்பார்கள்.

கதவருகே நடக்கும் இன்னொன்று: மேலே இடமில்லை, உங்கள் கைப்பெட்டியைக் கீழே அனுப்புகிறோம் என்பார்கள். பின்னால் வரிசை நெருக்கும், நீங்களும் சரியென்று கொடுத்துவிடுவீர்கள். பவர் பேங்க், மருந்து, வீட்டுச் சாவி, அடுத்த நாட்டில் காட்ட வேண்டிய காகிதம் எல்லாம் அதற்குள் இருக்கும். கைப்பெட்டியைக் கட்டும்போதே இவற்றை ஒரு சிறு பையில் போட்டு மேலாக வைத்துவிட்டால், அந்த நேரத்தில் பையை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி வரவில்லை

பதற வேண்டாம், ஆனால் வெளியேயும் போக வேண்டாம். பெரிய பொருட்கள் வரும் தனி வாசலையும், பக்கத்துப் பெல்ட்டையும் பாருங்கள். இல்லையென்றால் அதே கூடத்தில் இருக்கும் பெட்டி உதவி மேசைக்குப் போய்ப் புகாரைப் பதிவு செய்து எண் வாங்குங்கள். அந்தப் புகாரைத்தான் பி.ஐ.ஆர். என்பார்கள். எந்த நிறுவனத்தின் விமானத்தில் கடைசியாக வந்து இறங்கினீர்களோ அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். வாசலைத் தாண்டிப் போய் மறுநாள் வந்தால், பெட்டி வரவில்லை என்பதையே நீங்கள் நிரூபிக்க வேண்டிய நிலை வரும்.

விவரம் சொல்லும்போது “கறுப்புப் பெட்டி, துணி இருக்கிறது” என்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. உலகத்துப் பெட்டியெல்லாம் அப்படித்தான். இங்கேதான் நீங்கள் எடுத்த படம் கைகொடுக்கும். உள்ளே இருக்கும் விசித்திரமான ஒரு பொருளைச் சொல்லுங்கள். ஒரு அம்மா, “பச்சைக் கம்பளிக்குள் சுற்றிய மர யானை, ஒரு தந்தம் உடைந்தது” என்றார். டேக் இல்லாமல் வேறொரு கண்டத்தில் கிடந்த அவர் பெட்டி, அந்த யானையால்தான் நாலாம் நாள் பொருந்தியது. உள்ளே கண்காணிப்புக் கருவி வைத்திருந்தால் அது காட்டும் இடத்தையும் சொல்லுங்கள். அதை மேசையில் தட்டிக் காட்டிச் சண்டை போடுவதைவிட, இடத்தின் பெயரைப் புகாரில் எழுதச் சொல்வது பலன் தரும்.

பெட்டி வரும்வரை வாங்கும் அவசியமான பொருட்களுக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்தின் பொறுப்பை வகுக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணங்களில் கெடு இதுதான்: பெட்டி உடைந்திருந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதமானால் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, உங்கள் நாணயத்தில் எவ்வளவு என்று அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். அது உச்சவரம்புதான், தானாகக் கிடைக்கும் தொகையல்ல. நகையும் கேமராவும் கீழே போகும் பெட்டியில் ஏன் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொன்று மிச்சம். பெல்ட்டில் உங்கள் பெட்டியைப் போலவே ஒன்று வந்தால், தூக்குவதற்கு முன் டேக்கின் கடைசி ஆறு எண்ணை ரசீதோடு ஒப்பிடுங்கள். மேசைக்கு வரும் ‘தொலைந்த’ பெட்டிகளில் சில தொலைந்தவையே அல்ல, மாற்றி எடுத்துக்கொண்டு போனவை. ஒரு நாள் ஒருவர் தன் சாம்பல் நிறப் பெட்டி வரவில்லை என்று நின்றார். பெல்ட்டில் அதே போல ஒரு பெட்டி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் டேக்கில் வேறு பெயர். முறைப்படி திறந்தோம், மேலாகவே ஒரு தாள், அதில் கைப்பேசி எண். அழைத்தேன். எடுத்தவர், “நானே கூப்பிட நினைத்தேன். அரைமணி நேரமாக என் பெட்டியின் பூட்டு திறக்க மாட்டேன் என்கிறது, உங்கள் ஆட்கள் உடைத்துவிட்டார்கள் போல” என்றார்.